தோப்பே இருக்கும்போது சிமெண்ட் மான் எதற்கு, டீச்சர்?

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து, ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு மா அளவில், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, தோப்பு இருக்கிறது. பூவரசு, புங்கை, இரண்டு மாமரம், ஒரு பழைய இலுப்பை, ஒரு மூங்கில் கொத்து, ஓரமாக ஏழெட்டுத் தென்னை. கிழக்கு எல்லையில் பாசன வாய்க்கால். பேத்திக்கு ஐந்து வயது. செரிப்ரல் பால்சி என்னும் மூளை முடக்குவாதம் உள்ளவள். வாக்கர் பிடித்து நடக்கிறாள், பேச்சு சற்றுக் குழறும், புத்தி கூர்மை. தெருப் பிள்ளைகள் ஓடும்போது இவள் திண்ணையோடு நின்றுவிடுகிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் மூன்று லட்சம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதை வைத்து, தோப்பை ஊரிலுள்ள சின்னப் பிள்ளைகள் எல்லோரும் விளையாடும் ‘காட்டுத் திடல்’ ஆக்க வேண்டும் என்பது டீச்சரின் ஆசை.

கான்ட்ராக்டர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். தரை முழுக்கப் பேவர் பிளாக், நடுவில் மரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கோபுரம், சிமெண்டில் மான், முயல், யானை. ஒரு மூலையில் கம்பி வேலி கட்டி, பேத்தியைப் போன்ற பிள்ளைகளுக்கென்று சக்கர நாற்காலியோடு ஏற்றும் ஊஞ்சல். கொழுந்தனாரோ, “பாம்பு வரும், மரத்தையெல்லாம் வெட்டு, எந்தப் பிள்ளையாவது கையை ஒடித்துக்கொண்டால் நம் மேல்தான் கேஸ்” என்கிறார். மண்ணில் கிருமி என்று மருமகளுக்குப் பயம். ஊரில் ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், தண்ணீரைக் கண்டால் ஓடுவான். பார்வை மங்கலான ஒரு சிறுமியும் உண்டு. தனி மூலை சரிதானா, என்ன வாங்கலாம், சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் இப்படி எழுதியிருக்கிறார்: “இயற்கையோடு விளையாடினால் அவள் வாக்கரை விட்டுவிடுவாளா டாக்டர்?”

வணக்கம் டீச்சர்.

அந்தக் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பேத்தியை நேரில் பார்க்காமல் அவள் வாக்கரை விடுவாளா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அதைத் தோப்பு தீர்மானிக்காது என்பதை இப்போதே சொல்லிவிடலாம். மூளை முடக்குவாதத்தில் பிள்ளை எந்த அளவுக்கு நடக்கும் என்பது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடும். பிசியோதெரபி அதுபாட்டுக்குத் தொடரட்டும். தோப்பில் ஏறி இறங்கித் தவழ்ந்தால் கைக்கும் இடுப்புக்கும் பலம் வரும், நல்லதுதான். அதற்காக அங்கே போய் நின்றுகொண்டு “முட்டியை நீட்டு, முதுகை நிமிர்த்து” என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். நாள் முழுக்க அவளுக்குப் பயிற்சி நடக்கிறது. விளையாட்டையும் பயிற்சியாக்கினால் அவள் திண்ணைக்கே திரும்பிவிடுவாள். அவள் வாக்கரோடேயே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட வேண்டும். திடலை அதற்காகக் கட்டுங்கள்.

தனி மூலை வேண்டாம்

கான்ட்ராக்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். சக்கர நாற்காலி ஏற்றும் ஊஞ்சல் கனமான இரும்புத் தட்டு. அது ஆடும்போது குறுக்கே ஓடும் பிள்ளைக்குப் பலமான அடிபடும். அதனால்தான் வேலி கேட்கிறார். உங்கள் பேத்திக்கு அந்த ஊஞ்சலே தேவையில்லை, அவள் வாக்கரில் நடப்பவள். அதை வாங்கினால் வேலிக்குள் அவள் ஒருத்தி ஆடுவாள், வெளியே மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். திண்ணையில் நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதற்குப் பதிலாகக் கூடை ஊஞ்சல் ஒன்று போடுங்கள். வட்டமான வலைத் தொட்டில் போல இருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்காரலாம், படுக்கலாம். முதுகு நிற்காத பிள்ளையும் சாய்ந்துகொள்ளலாம். அதை மாங்கிளையில் கட்டாதீர்கள், தனியாகத் தூண் நட்டுப் போடுங்கள். ஊஞ்சல் தொங்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னும் பின்னும் காலியாக இருக்க வேண்டும். அந்த இடம் உங்களிடம் இருக்கிறது.

உரிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். குழந்தைகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007இல் ஏற்றது. அதன் 30ஆவது பிரிவு, மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது. நம்முடைய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பாகுபாட்டைத் தடுக்கிறது. பொழுதுபோக்கு, விளையாட்டு பற்றி அதில் தனிப் பிரிவுகளே உண்டு. நாளைக்கு ஊராட்சி இதில் சேர்ந்தால், ‘தனி மூலை போதும்’ என்று யாராவது சொல்லும்போது இவற்றை எடுத்துக்காட்டலாம்.

முதலில் பாதை, அப்புறம் மற்றது

டெல்டா மண் உங்களுக்குத் தெரியாததா? கோடையில் விரல் போகும் அளவுக்கு வெடிப்பு விடும், கார்த்திகையில் காலைப் பிடித்து இழுக்கும். வாக்கரின் சின்னச் சக்கரத்துக்கு இரண்டுமே எமன். பேவர் பிளாக்கும் இந்தக் களிமண்ணில் சீராக உட்காராது. இரண்டு மழைக்குள் ஒரு கல் ஏறும், ஒரு கல் இறங்கும், வாக்கர் தட்டும். வெயிலில் கொதிக்கும், விழுந்தால் மண்டை உடையும், மரத்தின் வேருக்கும் மூச்சு முட்டும். தோப்பு முழுக்க அதைப் பரப்புவது மூன்று லட்சத்தைச் செலவழிக்க மிக மோசமான வழி.

தோப்பைச் சுற்றி ஒரே வளையமாக ஒரு பாதை போதும். முட்டுச்சந்து கூடாது. திரும்பி வர இடமில்லாமல் போவது வாக்கர் பிடித்தவளுக்குக் கஷ்டம். ஆட்டிசம் உள்ள பையனுக்கும் சுற்றிச் சுற்றி வரும் பாதை பிடிக்கும். அகலம் 5 அடி இருக்கட்டும். சக்கர நாற்காலி முழு வட்டம் திரும்ப ஒன்றரை மீட்டர் வேண்டும் என்பதுதான் கணக்கு. நிலத்தைவிட அரை அடி உயர்த்தி, அடியில் செங்கல் ஜல்லி போட்டு இறுக்குங்கள். மேலே என்ன போடுவது என்பதில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது: சொரசொரப்பாகத் துடைப்பம் இழுத்த கான்கிரீட். இயற்கைத் திடலில் சிமெண்டா என்று கேட்பார்கள். அந்தப் பாதையில் மட்டும் சிமெண்ட் இருந்தால்தான் ஐப்பசியிலும் அவள் தோப்புக்குள் போக முடியும். மீதி இடமெல்லாம் மண்ணாக, சருகாக, புல்லாக இருக்கட்டும்.

மரத்து வேர் வந்தால் வேரை வெட்டாமல் பாதையை வளையுங்கள். சரிவு வரும் இடத்தில் ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும், 20 அடி கிடைத்தால் அவள் யார் உதவியும் இல்லாமல் ஏறுவாள். பாதையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குலம் விளிம்பு எழுப்பி வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வாக்கர் சக்கரம் நழுவாது, பார்வை மங்கிய சிறுமிக்கும் பாதை தெரியும். அவள் நடக்கும் வழியில் முகத்துக்கு நேரே எந்தக் கிளையும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆற்று மணலை வண்டி வண்டியாகக் கொட்டலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். தரை முழுக்கக் கொட்டினால் சக்கரம் புதையும். காவிரி மணலை அனுமதியில்லாமல் எடுத்துவருகிறவரிடம் வாங்கி ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கவும் வேண்டாம். ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் அடியில் மட்டும் மணல் போதும். மணல் அமுங்கிய பிறகும் 9 அங்குல ஆழம் இருந்தால் சுமார் 4 அடி உயரத்திலிருந்து விழுவது வரை தாங்கும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேடு சொல்கிறது. மழையில் அது இறுகிவிடும், அவ்வப்போது மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் திடலில் 4 அடிக்கு மேல் எதுவும் வைக்காதீர்கள், கோபுரம் உட்பட.

மண்மேடு, சொப்புச் சமையல்

பாதைக்குத் தோண்டும் மண்ணை வெளியே அனுப்பாமல் ஒரு மூன்றடி மேடாகக் குவித்து அருகம்புல் பதியுங்கள். இதுதான் உங்கள் திடலிலேயே பெரிய விளையாட்டுச் சாதனமாக இருக்கப்போகிறது. ஒரு பக்கம் செங்குத்து, கயிறு பிடித்து ஏறுகிறவர்களுக்கு. இன்னொரு பக்கம் நீண்ட சரிவு, தவழ்ந்தோ உட்கார்ந்து நகர்ந்தோ ஏறுகிறவர்களுக்கு. சறுக்கை மேட்டின் மேலேயே பதித்துவிட்டால் ஏணியே வேண்டாம், பக்கவாட்டில் விழவும் உயரமில்லை. எல்லோரும் ஒரே உச்சிக்கு வருகிறார்கள், ஒரே சறுக்கில் இறங்குகிறார்கள். தகரச் சறுக்கு என்றால் புங்கை நிழலில், வடக்குப் பார்த்து வையுங்கள். சித்திரை வெயிலில் தொடை வெந்துவிடும். கீழே இறங்கியதும் வாக்கரை நிறுத்திவைக்க ஓர் இடம் வேண்டும். இதைப் பெரும்பாலான திடல்களில் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை கீழே இருப்பாள், வாக்கர் மேலே இருக்கும். யாராவது கொண்டுவரும்வரை அவள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, மண் மேடை. மேசை உயரத்தில் ஒரு தொட்டி, அடியில் முழங்கால் நுழைய இடம், பக்கத்தில் ஒரு அடிபம்பு. மண் பிசையலாம், சொப்பு வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கலாம், குரும்பையில் தேர் செய்யலாம், பூவரசு இலையில் பீப்பீ ஊதலாம். நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் எல்லோரும் ஒரே தொட்டியைச் சுற்றி இருப்பார்கள். பேச்சு குழறும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. சமையல் நடக்கும்போது அவள் சொல்வதைப் புரிந்துகொள்ள மற்றவர்களுக்குக் காரணம் இருக்கும். அடிபம்புத் தண்ணீர் வாழைக்குப் போகட்டும், எங்கேயும் தேங்கக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வரும்போது புளியங்கொட்டை மாதிரிச் சின்னச் சாமான்களை எடுத்துவிடுங்கள்.

பார்வை மங்கிய சிறுமிக்காகப் பாதையோரம் கைக்கு எட்டும் உயரத்தில் ஓமவல்லி, திருநீற்றுப்பச்சை, துளசி, நொச்சி வையுங்கள். ஆட்டிசம் உள்ள பையனுக்கு, கூச்சல் அதிகமாகும்போது ஒதுங்க ஒரு மூங்கில் குடில். அதற்கு இரண்டு வாசல் வேண்டும், வெளியிலிருந்து உள்ளே தெரிய வேண்டும். அது யார் வேண்டுமானாலும் போகும் இடமாக இருக்கட்டும். ‘அவன் ரூம்’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

சிமெண்ட் மானைப் பற்றி: மேலே அணில் ஓடும், கீழே தவிட்டுக்குருவி கூட்டமாகக் கத்தும் தோப்பில் அது எதற்கு? ஏறி உட்கார்ந்தால் கொம்பு குத்தும். விடுங்கள்.

பெரிய ஆபத்து வாய்க்கால்தான்

கொழுந்தனார் பாம்பை நினைத்துப் பயப்படுகிறார். நான் உங்கள் கடிதத்தில் வாய்க்கால் என்று படித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஜூன் மாதம் மேட்டூர் திறந்தால் நேற்று வரை காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், ஐந்து வயதுப் பிள்ளை மூழ்க. சத்தமே வராது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு, அவர்கள் நீரில் மூழ்கும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். எனவே பணத்தில் முதல் பங்கு வேலிக்கு.

5 அடி உயரம், நெட்டுக்குத்தாகக் கம்பி, கால் வைத்து ஏறக் குறுக்குக் கம்பி இல்லாமல். முள்கம்பி வேண்டவே வேண்டாம். கம்பிக்கு நடுவே இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குள். இந்த அளவை ஆசாரியிடம் அழுத்திச் சொல்லுங்கள். திடலில் எந்தத் தடுப்பிலும் மூன்றரை அங்குலத்திலிருந்து ஒன்பது அங்குலம் வரையான இடைவெளி ஆபத்தானது. உடம்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில். வேலியை உங்கள் பட்டா எல்லைக்குள்ளேயே போடுங்கள். கரை புறம்போக்கை வளைத்தால் தூர்வார வண்டி வரும்போது உங்கள் வேலிதான் முதலில் போகும். இத்தனையும் செய்த பிறகும் விளையாட்டு நேரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

மரம், பாம்பு, மண்

மரங்களை வெட்ட வேண்டாம். சில வலிப்பு மருந்துகள், டோபிரமேட் மாதிரி, வியர்வையைக் குறைக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நிழல்தான் பாதுகாப்பு. பேத்திக்கு வலிப்பு மருந்து எதுவும் இருந்தால் அவளுடைய டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தென்னை மட்டும் விதிவிலக்கு. அதன் அடியில் பாதையோ ஊஞ்சலோ பெஞ்சோ எதுவும் கூடாது. காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. அந்த ஓரத்தைத் தாழ்ந்த வேலி போட்டுத் தனியே விடுங்கள். 2018 நவம்பரில் கஜா போனபோது மரங்கள் என்ன பாடுபட்டன என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் பட்ட கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

வேலியோரம் பூஜைக்கு அரளி வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், அதை எடுத்தே ஆக வேண்டும். இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். சொப்புச் சமையலில் பிள்ளைகள் முதலில் பறிப்பது எது என்று உங்களுக்கே தெரியும். ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கும் கூடாது. பூஜைக்குச் செம்பருத்தி போதாதா?

பாம்பு எலியைத் தேடி வரும், எலி குப்பையைத் தேடி வரும். வைக்கோல் போர், விறகு அடுக்கு, மட்டைக் குவியல் மூன்றையும் தோப்பிலிருந்து அப்புறப்படுத்துங்கள். பாதையின் இரு பக்கமும் புதரைக் கழித்து வையுங்கள், பொழுது சாய்ந்ததும் கதவைப் பூட்டிவிடுங்கள். ஒருவேளை கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, மந்திரிக்கப் போகக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108இல் அரசு மருத்துவமனைக்கு. கொசுவையும் மறந்துவிடாதீர்கள். டயரில் ஓட்டை போடாமல் விளையாட வைத்தால் அது டெங்குக் கொசுவின் தொட்டி. வெட்டிய மூங்கிலின் குழியிலும் தண்ணீர் நிற்கும், மண் போட்டு அடையுங்கள்.

மருமகளின் பயத்தில் பாதி சரி, பாதி சரியில்லை. பின்லாந்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், பகல்நேரக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணும் செடியும் போட்டு, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை 28 நாள் விளையாட விட்டார்கள். அவர்கள் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, நோய் எதிர்ப்பைச் சீராக்கும் அணுக்களிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. 75 பிள்ளைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, அதைக் கொண்டு பெரிதாக எதுவும் சொல்லக் கூடாது. நம் மண்ணில் கொக்கிப்புழு உண்டு என்பதும் உண்மை. செருப்பு, சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு குழாய், அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை, மணல் தொட்டிக்கு இரவில் பூனை நுழையாமல் மூடி: இவ்வளவு போதும். வயலிலிருந்து எலிச் சிறுநீர் கலந்து வரும் மழைத் தண்ணீரில் மட்டும், காலில் புண்ணோடு யாரையும் இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் வரும்.

பத்திரமும் கேஸும்

நான் மருத்துவர்; நிலத்தை எழுதிக் கொடுப்பதானால் பத்திர வாசகத்துக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள். பொதுவாக ஒன்று சொல்லலாம். “விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று போர்டு எழுதினால் அலட்சியத்துக்கான பொறுப்பு போய்விடாது. கழன்ற போல்ட்டைத் தெரிந்தும் விட்டிருந்தால் சிக்கல். வாரம் ஒரு முறை சுற்றிப் பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். முழங்கால் சிராய்ப்பு வரும், அதைத் தடுக்கப் பார்த்தால் விளையாட்டே இருக்காது.

ஊராட்சியின் பணம் வேண்டுமென்றால் நிலத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தால் பராமரிப்பு அவர்கள் கையில். நாளைக்கு வருகிற தலைவர் பேவர் பிளாக் போட்டால் நீங்கள் கேட்க முடியாது. கொடுக்காவிட்டால் எல்லாச் செலவும் உங்களுடையது. எனக்கென்றால், முதலில் சொந்த நிலமாகவே வைத்துச் சின்னதாகத் தொடங்கி, நன்றாக நடந்தால் பிறகு கிராம சபையில் பேசலாம் என்று தோன்றுகிறது. மகனோடும் கொழுந்தனாரோடும் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இது ஆவணி. இப்போது வேலை தொடங்கினால் பாதி முடிவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பாதை எங்கே போகக் கூடாது என்பதை அது சொல்லும். அதற்குள் அந்தப் பையனின் அம்மாவையும் சிறுமியின் அம்மாவையும் தோப்புக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் இருப்பார்கள். ஒருநாள் வந்து, பேத்தியை வாக்கரோடு நடக்கவிட்டு இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தை பிறந்ததும் வேலியை ஆரம்பிக்கலாம். கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் பேவர் பிளாக்கையும் மானையும் நிறுத்திவிட்டு, அந்தத் தொகையை வேலிக் கம்பிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.